வெயில் விழும் சுவர்

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை, சாப்பாட்டுத் தட்டு, மருந்துப் புட்டி, கோயில் காலண்டர், எதுவானாலும் சரி. திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவார். நான் சென்னைத் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் சுங்க இலாகாவில் மதிப்பீட்டு அதிகாரியாக இருந்தவன். பெட்டியின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். நானே வீட்டுக்கு வந்தால் காபி தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் பத்தாலஜிஸ்ட். அதாவது, நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவனைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்கிற டாக்டர். பெயர் வேண்டாம்; டாக்டர் என்றே சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓய்வு பெற்று ஜெர்சி சிட்டியில் மகன் வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வரும் விளம்பரக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பழக்கமானார்.

பழக்கம் ஏற்பட்டதும் சுங்கத்தால்தான். ஜப்பானிலிருந்து அவருக்கு வந்த பொட்டலம் ஒன்று நின்றுபோயிருந்தது. அனுப்பியவர் மேலே 'அலங்காரக் காகிதம்' என்று எழுதிவிட்டார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் யாரோ அவரை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, "அங்கிள் கஸ்டம்ஸ்ல இருந்தவர், கேளுங்க" என்று விட்டுப் போனார்கள்.

"உள்ள என்ன இருக்கு?" என்றேன்.

"சமுராய் வீரர் நாலு பேர்" என்றார் டாக்டர். "மரக்கட்டையிலை செதுக்கி அச்சடிச்ச படங்கள். நூற்றைம்பது வருசப் பழசு."

சுங்கத் தீர்வைப் பட்டியலில் அசல் அச்சுப்படம் ஒரு தலைப்பு, அலங்காரக் காகிதம் இன்னொரு தலைப்பு. எந்த ஊர் சுங்கமானாலும் தலைப்பை மாற்றாமல் சரக்கு நகராது. இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் நாலு வீரர்களும் விடுதலையானார்கள். அந்தக் கடிதத்தை வாங்கியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? திருப்பிப் பார்த்தார். என் மகனுடைய ஆபீஸில் பாழான காகிதத்தின் பின்பக்கத்தில்தான் நான் எழுதியிருந்தேன். "பாங்க்கிலை வேலை செய்யிறாரோ மகன்?" என்றார்.

விடுதலையானவர்களைப் பார்க்க என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனதும் காபி இல்லை, உட்காருங்கள் என்பதும் இல்லை.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. சோப் போட்டு. துடைக்கத் துவாய் வேறை இருக்கு."

வடக்கு ஜன்னலோரம் ஒரு மேஜை. இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை இரண்டு கையாலும் எடுத்து என் கையில் வைத்தார். முதுகு முழுக்கப் பச்சை குத்திய ஒருவன், பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் ஒரு ராட்சத மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அலையின் நீலம் கண்ணைப் பறித்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "அவனைப் பிறகு பாக்கலாம். திருப்புங்கோ" என்றார்.

திருப்பினேன். வெறும் காகிதம். அதில் முன்பக்கத்து நிறங்கள் மங்கலாக ஊறி வந்திருந்தன. சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். சாய்வு வெளிச்சத்தில், காகிதம் முழுக்க வட்ட வட்டமாகத் தேய்த்த தடங்கள். பலகையில் சாயம் தடவி, காகிதத்தைப் போட்டு, மூங்கில் மட்டை சுற்றிய ஒரு வட்டத் திண்டால் முதுகில் தேய்ப்பார்களாம். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை, ஒரு தேய்ப்பு. தண்ணீர் வீரனுக்குப் பதினாலு தரம்.

"முன்னுக்குச் சண்டைக்காரன் நிக்கிறான்" என்றார் டாக்டர். "பின்னுக்குத்தான் வேலைக்காரன் நிக்கிறான். முன்னுக்கு வரைஞ்சவரின்ரை பேர் போட்டிருக்கு. தேய்ச்ச மனுசன்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை. கை மட்டும் இருக்கு."

நான் முன்பக்கத்தில் வேறொன்றைக் கண்டுபிடித்தேன். மூலையில் பொட்டளவு ஒரு வட்ட முத்திரை. அது என்ன என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அங்கே அரசாங்கத் தணிக்கை இருந்ததாம். ஒவ்வொரு படத்தையும் ஓர் அதிகாரி பார்த்து, 'பார்த்தேன்' என்கிற அர்த்தத்தில் முத்திரை வைத்த பிறகுதான் அச்சடிக்கலாமாம். அந்தப் பொட்டை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். இழுப்பறையில் இருந்த மற்றப் படங்களில் ஒரே வீச்சில் ஏழு பேரை வெட்டுகிறவனும், தலையில் அம்பு தைத்தபடி நின்றுகொண்டே சாகிறவனும், ஒரு குமாஸ்தா மேஜையைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு உறவென்று கிடைத்தவன் அந்த முத்திரைக்காரன்தான்.

பத்து நிமிஷத்தில் படம் இழுப்பறைக்குப் போய்விட்டது. "வெளிச்சம் இதுக்கு விஷம்" என்றார். "செடிச் சாயம். ஆறு மாசம் வெயில் பட்டால் உந்த ஊதா போயிடும். பிறகு சிவப்பு. இருட்டிலை வைச்சாத்தான் இருக்கும்." அதனால் அந்தப் பெரிய வீட்டில் சுவரெல்லாம் காலி. பத்தாலஜிஸ்ட் வீடு என்பதால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

பின்பக்கம் பார்க்கிற பழக்கம் அவருக்குப் படங்களிலிருந்து உலகத்துக்குப் பரவியதா, உலகத்திலிருந்து படங்களுக்கு வந்ததா, தெரியாது. சங்கத்துக்கு நான் விதிமுறைகள் எழுதிக் கொடுத்ததற்காக அடுத்த வருஷம் ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையை விட்டு இறங்கியதும் டாக்டர் அதை வாங்கித் திருப்பினார். பின்னால் ஒரு ஸ்டிக்கர்: பௌலிங் போட்டி, இரண்டாம் பரிசு. செயலாளர் பையன் நெளிந்தான். "பழசா இருந்தாலும் நல்ல மரம் அங்கிள்." இன்றும் அது என் அலமாரியில் இருக்கிறது. வாழ்க்கையில் நான் பந்து உருட்டியதே இல்லை.

என் இரண்டாவது மகளுக்கு டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, குறையில்லாத ஜாதகம், புகைப்படத்தில் சுருட்டை முடி. டாக்டரிடம் காட்டினேன். திருப்பினார். மயிலாப்பூர் ஸ்டூடியோ ஒன்றின் ரப்பர் முத்திரையும் தேதியும் இருந்தன.

"இந்தப் படத்துக்கு ஏழு வயசு" என்றார். "மாப்பிள்ளைக்கு இப்ப முடி இருக்கோ?"

போன் போட்டுப் புதுப் படம் கேட்டேன். வந்தது. முடி இல்லை. எனக்குக் கோபம். மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தலையே தேவலப்பா. இதையாவது மறைக்காம அனுப்பியிருக்காரே" என்றாள். கல்யாணம் நடந்தது. அந்த வழுக்கையில் என் பேத்தி தாளம் போட்டிருக்கிறாள்.

எல்லாத் தீர்ப்பும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. அவருடைய மருத்துவமனையிலேயே ஒரு தமிழ் சர்ஜன், ஆசையாக ஒரு சமுராய் படம் வாங்கி, புதுமனை விருந்துக்கு இருபது பேரைக் கூப்பிட்டு, நடுக்கூடத்தில் மாட்டி, "எப்படி டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சட்டத்தை இறக்கித் திருப்பினார். பின் அட்டையை விலக்கினார். பையிலிருந்து லென்ஸ் எடுத்தார். இருபது பேரும் கையில் தட்டோடு காத்திருந்தார்கள்.

"அச்சு மெஷினிலை அடிச்ச நகல்" என்றார். "லென்ஸிலை பாத்தால் புள்ளி புள்ளியாத் தெரியும். காலண்டர் மாதிரி."

சர்ஜன் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. திரும்பி வரும்போது காரில் நானும் இருந்தேன். டாக்டரின் மனைவி முன் ஸீட்டிலிருந்து சொன்னார்: "சர்ஜன்ரை மனிசி பிறகு ஒரு வாய் சாப்பிடேல்லை. பாத்தனீங்களோ?"

"கேட்டவர். சொன்னனான்" என்றார் டாக்டர். "கேக்காட்டில் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அந்த அம்மாள் ஜன்னல் வழியே ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் கார் ஓட்டப் பழகியவர். பழகிய புதிதில், அந்த விருந்துக்குச் சில மாதம் கழித்து வந்த அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று, யாரிடமும் சொல்லாமல் முதல் தடவையாகத் தனியே ஃப்ரீவேயில் ஏறி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, டெலவேர் ஆற்றங்கரையில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போய், கணவருக்கு ஒரு படம் வாங்கி வந்தார். குதிரை மேல் ஒரு பெண். கூந்தல் காற்றில் பறக்கிறது, கையில் நீளத் தடியில் பொருத்திய வாள், பின்னால் துரத்தி வருபவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத முகம். காலியான அந்த வீட்டில் மாட்டியிருந்த ஒரே படம் அதுதான். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே, கிழக்கு ஜன்னலுக்கு நேரே. டாக்டர்தான் கையால் ஆணி அடித்து மாட்டினாராம்.

விருந்தாளிகள் வந்தால் அந்த அம்மாள் விடமாட்டார். "இவரின்ரை எல்லாப் படத்துக்குள்ளையும் இதுதான் முதல் தரம். வேணுமெண்டால் அவரையே கேட்டுப் பாருங்கோ."

யார் கேட்பார்கள்? எல்லோரும் சிரித்துத் தலையாட்டுவார்கள். டாக்டர் சோற்றைப் பிசைந்தபடி, "எனக்குப் பிடிச்ச படம் அதுதான்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள். நான் ஒரு முறை பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிப் பார்க்கக் கை நீட்டினேன். "அது சுவரிலேயே இருக்கட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு எங்கள் பக்கத்து நூலகத்தில், சமுராய் வீரர்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று நூலகத் தலைவியான அமெரிக்கப் பெண்மணி டாக்டரைக் கேட்டார். அவர் சம்மதித்தார். காகித வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது அடக்கத்துக்காக. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கூடத்தைப் பார்க்கப் போனோம். வாசலுக்கு நேர் எதிரே அகலமான, அழகான சுவர். நூலகத் தலைவி பெருமையோடு காட்டினார். டாக்டர் அண்ணாந்து பார்த்தார். மேலே கண்ணாடிக் கூரை. வெயில் அந்தச் சுவரில் கொட்டிக்கொண்டிருந்தது. "இதிலை ஒரு படமும் மாட்டேலாது" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் நாலு வாக்கியமாக அதையே மரியாதையாகச் சொன்னார். அந்தச் சுவர் காலியாக இருப்பதென்றும், பக்கத்து இருண்ட பகுதியில் மங்கலான விளக்கில் படங்களை வைப்பதென்றும் முடிவாயிற்று. நூலகத் தலைவிக்கு முகம் வாடிவிட்டது. நுழைந்ததும் வெறும் சுவர் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

டாக்டரின் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "என்ரை குதிரைக்காரியும் வரவேணும். நடுவிலை. உள்ளை நுழையேக்கையே தெரியவேணும்."

நூலகம் கொடுத்த படிவத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி. தலைப்பு, காலம், அளவு, நிலைமை. கடைசிக் கட்டம்: அசலா, பிற்கால நகலா? அடியில், 'மேற்கண்டவை உண்மையென்று அறிவேன்' என்று உடையவரின் கையெழுத்து. இருபத்திரண்டு படங்களுக்கு எழுதினோம். இருபத்து மூன்றாவதற்கு வந்தபோது டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அது நகல்" என்றார்.

நான் படிவத்தைக் கீழே வைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"கொண்டு வந்து மேசையிலை வைச்ச அண்டைக்கே. அவ தேத்தண்ணி போட உள்ளை போன நேரம் திருப்பிப் பாத்தனான். தேய்ச்ச தடம் ஒண்டும் இல்லை. லென்ஸ் வைச்சால் புள்ளி." மூடிய பேனாவை மேஜையில் உருட்டினார். "தனியக் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறா. கார்ச் சாவி இன்னும் கையிலைதான் இருந்தது. 'வடிவா இருக்கோ?' எண்டு கேட்டா. ஓம் எண்டன். அசலோ எண்டு அவ கேக்கேல்லை."

"இப்பவும் கேக்கலையே."

"அவ கேக்கேல்லை. உங்கடை கடதாசி கேக்குது."

முப்பத்து மூன்று வருஷத்தில், பொய் சொல்லாமல் கையெழுத்துப் போடுவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையும் நான் கற்றவன். வரிசையாக எடுத்துப் போட்டேன். "கட்டத்தைக் காலியா விட்டுடலாம், டாக்டர். ஒரு கோடு போடலாம். 'வாங்கியவர் கூற்றுப்படி'ன்னு எழுதலாம், கடையில வாங்கினது அவங்கதானே. எல்லாத்தையும் விட நல்லது, 'பரிசோதிக்கப்படவில்லை.' சட்டம் போட்டு மூடியிருக்கு, திறக்கலை, அவ்வளவுதான். எந்த ஆடிட்டும் கேள்வி கேக்காது."

"நான் பாத்தனான்" என்றார்.

அதற்கு மேல் என்னிடம் விதி இல்லை.

தானே சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டு நாள் ஆயிற்று, சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்குப் புற்று இருக்கிறது, இல்லை என்று எழுதிக் கொடுத்தவர், சமையலறை வாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னையும் சாப்பிட வரச் சொன்னார். சாட்சிக்கா, தைரியத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மாள் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் பரிமாறிவிட்டு உட்கார்ந்தார். டாக்டர் சாப்பிடாமல் தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைக் கூட அன்று திருப்பவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ன? சொதி சரியில்லையோ?"

"அந்தப் படிவத்திலை ஒரு கட்டம்..." என்று ஆரம்பித்தார். "உம்மடை படத்துக்கு..."

அந்த அம்மாள் படிவத்தை இழுத்துப் பார்த்தார். கடைசி வரியில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"நகல் எண்டு போடுங்கோவன்" என்றார்.

என் கையிலிருந்த அப்பளம் உடைந்தது.

"அசல் எண்டால் நீங்கள் வெயிலிலை மாட்டியிருப்பீங்களோ?" என்றார். "மற்றதையெல்லாம் இருட்டுக்குள்ளை பூட்டிவைச்சிட்டு, என்ரையை மட்டும் விடியக்காலமை வெயில் முகத்திலை அடிக்கிற மாதிரி மாட்டினீங்கள். எனக்கு விளங்காதோ?"

வீட்டுக்கு வருகிற எனக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு ஏழு வருஷம் அது உறைக்கவில்லை.

"உமக்குத் தெரிஞ்சும் ஏன் வாறவைக்கெல்லாம் முதல் தரம் எண்டு சொன்னனீர்?" என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள் எண்டு பாக்கத்தான். சர்ஜனுக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுவீங்கள் எண்டு முதல் ரெண்டு தரம் பயந்தனான். எனக்காகப் பொய் சொல்லுவீங்களோ எண்டும் பாத்தன். ஒண்டும் சொல்லேல்லை. பிடிச்ச படம் எண்டு மட்டும் சொன்னீங்கள்." எழுந்து போய்க் குதிரைக்காரியை ஆணியிலிருந்து கழற்றினார். கொண்டு வந்து, சொதிக் கிண்ணத்தை நகர்த்தி, மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

பின்னால் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தின் மூலையில், டாக்டரின் பொடி எழுத்தில், பென்சிலால் ஒரு குறிப்பு. அவர் தன் படம் ஒவ்வொன்றின் உறையிலும் வழக்கமாக எழுதுவதுதான்: வாங்கிய தேதி, வாங்கிய இடம், நிலைமை. 'நகல். அவள் தனியே கார் ஓட்டிப் போய் வாங்கியது.' கல்யாண நாளின் தேதி. மாட்டுவதற்கு முன்பே எழுதியிருக்கிறார்.

அதன் கீழே நீல மையில், உருண்டையான எழுத்தில் ஒரு சொல்: 'பார்த்தேன்.' பக்கத்தில் இன்னொரு தேதி. முதல் தேதிக்கும் அதற்கும் மூன்று மாதம் கூட இல்லை.

உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்த மனிதர், இதை மட்டும் ஏழு வருஷம் திருப்பவில்லை. குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடியும் பார்த்தார்.

"பேனையாலையா எழுதினனீர்?"

"ஓம்."

"பென்சிலாலைதான் எழுதவேணும். மை ஊறும்."

"நகல்தானே" என்றார் அந்த அம்மாள். "சாப்பிடுங்கோ, ஆறுது."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தரம் சொதி கேட்டு வாங்கினார். நான் அந்தக் கட்டத்தில் 'நகல்' என்று எழுத, டாக்டர் அடியில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் காலி என்று உறுதி செய்துகொண்டார்.

கண்காட்சி தொடங்குவதற்கு முதல் நாள் படங்களை மாட்டப் போனோம். மீனோடு மல்லுக்கட்டுகிறவன், நின்றபடி சாகிறவன், ஏழு பேரை வெட்டுகிறவன், இருபத்திரண்டு பேரையும் இருண்ட பகுதியில் வரிசையாக நிறுத்தினோம். குதிரைக்காரி மட்டும் பாக்கி. நூலகத் தலைவி, நகல்களுக்கென்று ஓரத்தில் சின்ன மேஜை இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

டாக்டர் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலுக்கு நேர் எதிரே இருந்த அந்தப் பெரிய சுவரை நோக்கி நடந்தார். வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே மாட்டக்கூடிய படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆணியையும் அவரே அடித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வாசற்படியில் நின்று, இடது பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கோ, போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.